காப்புக் கட்டிய கை

மலை மடம்
19 பிப்ரவரி 2023

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு ஜெபமலர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது, சோபியா அண்ணியின் முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று எழுதுங்கள். இங்கே பனி இன்னும் விடவில்லை.

வருகிற புதன் திருநீற்றுப் புதன். உங்களுக்குத் தெரிந்ததுதான், அன்றிலிருந்து தவக்காலம் முடிந்து பாஸ்குப் பண்டிகை வரை எங்கள் மடத்தில் கடிதம் எழுதுவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. வருவதை மதர் அலமாரியில் வைத்துப் பூட்டி, பாஸ்குத் திங்களன்று கொடுப்பார். குடும்பத்தில் சாவு என்றால் மட்டும் போனில் சொல்லலாம்.

ஆண்ட்ரூஸ் கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தான். பாதிக் கடிதம் கல் குவாரி வழக்கு, மீதிப் பாதி உங்கள் மேல் கோபம். அவன் ஒரு குவாரி மேல் போட்ட வழக்கைத் திடீரென்று வாபஸ் வாங்கியதும், பணம் கைமாறியது என்று ஊர் பேசியதும், அதை நீங்கள் உங்கள் பெயரைப் போட்டே செய்தியாக்கியதும் எனக்குத் தெரியும். யார் சரி என்று நான் கேட்கவில்லை. கலெக்டரையும் பங்குச் சாமியாரையும் ஒரே குரலில் திட்டுகிறவன் அவன். ஆனாலும் அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. என் இடுப்பில்தான் இருந்தான். இந்தத் தவக்காலத்தில் நீங்கள் கறியை விட வேண்டாம், அவனிடம் பேசாமல் இருப்பதை விடுங்கள்.

உங்கள் இருவருக்காகவும் மன்றாடும்,
தங்கை ஜெபமலர்


சேலம்
23 மார்ச் 2023

அன்புள்ள ஜெபாவுக்கு,

நான் நலம். அண்ணி கோயில் வரை நடக்கிறாள். உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் அலமாரிக்குள்தான் போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆயுள் முழுவதும் நிருபர் வேலை பார்த்தவனுக்கு எழுதினால்தான் எதுவும் வரிசைப்படுகிறது.

ஆண்ட்ரூஸைக் காணவில்லை. போன வெள்ளிக்கிழமையிலிருந்து. எனக்குச் சொன்னது பிரபாகர். சங்ககிரிப் பகுதி நிருபர், என்னிடம் தொழில் பழகியவன். உன் துறவற வெள்ளிவிழாவுக்கு என்னோடு மலையேறி வந்து, மடத்துக் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று உனக்கு வணக்கம் சொன்னானே, அவன்தான்.

"அண்ணே, ஆண்ட்ரூஸ் அண்ணன் உங்க பக்கம் வந்தாருங்களா? ரூமு பூட்டிக் கெடக்குதுங்க. வண்டி மட்டும் லாரிப்பேட்டைகிட்ட அனாதையா நிக்குதுங்க" என்றான்.

புகார் கொடுத்தேன். சுலபத்தில் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் என் முன்னால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க சார், உங்களுக்குத் தெரியாததுங்களா? வீரபாகுகிட்ட வாங்க வேண்டியதை வாங்கிட்டு எங்காச்சும் குளுகுளுன்னு உக்காந்திருப்பாரு. நீங்களே பேப்பர்ல எழுதுன ஆளுதானுங்களே" என்றார். வீரபாகு என்பவருக்குக் கரட்டுப்பாளையத்தில் குவாரியும் ஜல்லி கிரஷரும் இருக்கின்றன. வெடி வைப்பதில் அந்த ஊர் வீடுகள் விரிசல் விட்டிருக்கின்றன. ஆண்ட்ரூஸ் கடைசியாகப் போட்ட வழக்கு அந்தக் குவாரி மேல்தான். அடுத்த மாதம் விசாரணை.

ஊர் முழுக்க அவன் ஓடிவிட்டான் என்றே பேசுகிறது. அது மட்டும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குச் சண்டை போடத் தெரியும், ஓடத் தெரியாது.

மடத்துக்குப் போன் செய்ய இரண்டு தடவை எண்ணை எடுத்தேன். செய்தால் அது சாவுச் செய்தியாகிவிடும். அவன் சாகவில்லை.

அண்ணன் சவரியார்


சேலம்
26 மார்ச் 2023

அன்புள்ள ஜெபாவுக்கு,

நலம். வெள்ளிக்கிழமை ஒரு பிணத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். குமாரபாளையத்துக்கு அப்பால் வாய்க்கால் மதகில் ஒதுங்கியது. பிரபாகர்தான் தன் காரில் கூட்டிப்போனான்.

முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. தண்ணீரில் கிடந்தது ஒரு காரணம், அதற்கு முன்பே கல்லால் அடித்திருக்கிறார்கள் என்றார் பிணவறை ஊழியர். உயரம் அவன் உயரம்தான். பிரபாகர் தோளைத் தொட்டு, "அண்ணே, கையைப் பாருங்க. மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்குது. நம்ம ஆண்ட்ரூஸ் அண்ணன் எதுக்குங்க காப்புக் கட்டறாரு?" என்றான்.

வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு மஞ்சள் துண்டும் வேப்பிலைக் காம்பும். எனக்கு உயிர் வந்தது. அப்பா நம் வீட்டில் திருஷ்டிக் கயிறுகூடக் கட்டவிட்டதில்லை. "என் தம்பி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். 'அடையாளம் தெரியாத ஆண் பிணம்' என்று எத்தனையோ நாலு வரிச் செய்தி எழுதியிருக்கிறேன். அந்த வரிக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

பாஸ்குவுக்குள் அவனே வந்துவிடுவான். அப்போது இந்தக் கடிதங்களைப் படித்து நீ சிரிக்கலாம்.

அண்ணன்


மலை மடம்
11 ஏப்ரல் 2023

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் பாஸ்கு வாழ்த்து சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன்.

நேற்று மதர் கடிதங்களைக் கொடுத்தார். எங்களுக்குக் கேசரி கொடுக்கும் நாள். சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. தேதி பார்க்காமல் உங்கள் இரண்டாவது கடிதத்தை முதலில் பிரித்துவிட்டேன். பிணம் என்று படிக்கிறேன், ஆண்ட்ரூஸ் காணாமற்போனதே எனக்குத் தெரியாது.

அண்ணா, யார் ஆசையாகக் கயிறு கொண்டுவந்தாலும் அவன் கையை நீட்டுவான். எட்டு வயதில் செவ்வாய்ப்பேட்டையில் பக்கத்து வீட்டார் கட்டிவிட்ட காப்போடு பூசைக்கு வந்து நின்றான். அப்பா அறுத்தெறிந்துவிட்டு பெல்ட்டை எடுத்தார். அடி வாங்கிக்கொண்டே "அவங்க ஆசையாக் கட்டுனாங்கப்பா" என்றான். நீங்கள் அப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தீர்கள்.

அவனுக்கு இடது காலில் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பாதிவரை ஒட்டியிருக்கும். குளிப்பாட்டியவளுக்குத் தெரியும். காலைப் பார்த்தீர்களா?

போனில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மதர். வேண்டாம் என்றேன். இதை உங்கள் எழுத்தில்தான் படிக்க வேண்டும்.

ஜெபமலர்


சேலம்
3 மே 2023

அன்புள்ள ஜெபாவுக்கு,

உடம்பு பரவாயில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்.

காலைப் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே துணி போட்டிருந்தார்கள். விலக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே பிணவறைக்கு ஓடினேன். கேட்பாரற்ற பிணங்களை அடக்கம் செய்யும் அறக்கட்டளை ஒன்றிடம் மார்ச் 29ஆம் தேதி கொடுத்துவிட்டார்கள். அவர்கள் நல்லவர்கள். கையில் காப்பு இருந்ததால் மஞ்சள் நீர் தெளித்து, கற்பூரம் காட்டி, எரிவாயு மயானத்தில் எரித்து, சாம்பலைக் காவிரியில் கரைத்திருக்கிறார்கள். மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுத்ததாகக் கோப்பில் இருக்கிறது. மாதிரி இல்லை. எடுத்த படங்களில் முகமும் கையும் மட்டும் இருக்கின்றன.

பிறகு கரட்டுப்பாளையம் போனேன். வழக்கில் அவன் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் முத்தாயம்மாள். நெல்லுக்கும் பருத்திக்கும் ஆள் கூட்டிப்போகிற கொத்துக்காரி. அவர் வீட்டுச் சுவர் விரிசலில் என் கை நுழைந்தது.

"உங்க தம்பி தங்கமான மனுசன்னு நான் பொய் சொல்லமாட்டேனுங்க. எங்களையவே ஆட்டு மந்தைம்பாரு. மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்ட அன்னிக்கு வந்து உக்காந்துக்கிட்டு, 'ஏனக்கா, எனக்குக் கட்டமாட்டீங்களா, நான் என்ன வெள்ளைக்காரனா'ன்னாரு. பூசாரிதான் சிரிச்சுக்கிட்டே கட்டிவுட்டாரு."

"அப்புறம்?"

"காப்புக் கட்டுனா நோம்பி முடியற வரைக்கும் ஊரு எல்லை தாண்டப்படாதுங்களே. அவருக்கும் சொன்னமுங்க. 'அந்த வீரபாகு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டாலும் போவமாட்டனக்கா'ன்னாரு. மூணு நாளு எங்கூட்லதான் தின்னாரு, தூங்குனாரு."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் வந்திருக்கிறது. பேசிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். திரும்பவில்லை. ஊராரும் காப்புக் கட்டியவர்கள், எல்லை தாண்டவில்லை. மார்ச் 30 காப்பு அவிழ்த்த பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். அதற்கு முதல் நாள் எரித்தாகிவிட்டது.

உன் மூச்சிரைப்புக்கு மருந்து எடுக்கிறாயா?

சவரியார்


மலை மடம்
12 மே 2023

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு,

மருந்து எடுக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருக்கிறீர்கள், யார் எப்படிச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போன் வந்தது என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

என்ன சொல்லி அழைத்தார்கள்? எதற்கும் போகமாட்டேன் என்றவன் அம்மனுக்குச் சொன்ன வார்த்தையை மீறி எழுந்து போயிருக்கிறான். நீங்கள் அதைக் கேட்காமல் அந்த வீட்டை விட்டு வந்திருக்கமாட்டீர்கள்.

ஜெபமலர்


சேலம்
2 ஜூன் 2023

அன்புள்ள ஜெபாவுக்கு,

நலம். வெயில் கொளுத்துகிறது. மாம்பழப் பெட்டி ஒன்று பார்சலில் போட்டிருக்கிறேன். மேலடுக்குப் பழங்களை முதலில் தின்னுங்கள்.

போன் எண்ணைப் போலீஸ் விசாரிப்பதாகச் சொல்கிறது. என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது வழக்குக்கு முக்கியமில்லை.

சவரியார்


கரட்டுப்பாளையம்
20 ஜூன் 2023

சிஸ்டரம்மாவுக்கு முத்தாயம்மாள் கும்பிடு. நான் சொல்லச் சொல்ல எழுதுறது எங்க மலர்விழி, காலேஜுல படிக்குது. நாங்க நல்லாருக்கமுங்க. நீங்க சொகமுங்களா?

உங்க லெட்டரு வந்துச்சுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டிருக்கறீங்க. வெளக்கு வெக்கற நேரமுங்க. போன் வந்துச்சு. பேசிட்டு மூஞ்சியே செத்துப்போச்சுங்க. 'அக்கா, எங்க அண்ணன் நெஞ்சுவலியில ஆஸ்பத்திரியில கெடக்குதாம், பொழைக்கறது கஷ்டமாம்'னாரு. காப்பு இருக்குதே சாமின்னேன். 'ஆத்தா கோவிச்சா கோவிச்சுக்கட்டும், எங்கண்ணன் ரெண்டு வருசமா எங்கிட்டப் பேசலக்கா, பேசாமயே போயிரும்'னாரு. செருப்பக்கூடத் தொடலீங்க.

எங்களுக்கு உங்க அண்ணன் நம்பரு தெரியாதுங்க. சங்ககிரி பேப்பர்காரத் தம்பி பிரபாகரு அடிக்கடி வந்து போறவரு, அவருக்குத்தான் போன் போட்டோம். 'அண்ணன்கூட ஆஸ்பத்திரியிலதான் இருக்காருக்கா, நல்லாருக்காரு, நீங்க நோம்பியப் பாருங்க'ன்னாரு. மறுக்காவும் கேட்டோம், அதையேதான் சொன்னாரு. நம்பிட்டமுங்க. நம்பாம இருந்திருந்தா காப்ப அறுத்துப்போட்டுட்டு வந்திருப்பமுங்க சாமி, ஆத்தா எங்களத் தின்னாலும் செரி.

இதையத்தான் உங்க அண்ணன்கிட்டயும் சொன்னேனுங்க. கேட்டுட்டு அப்படியே வேப்பமரத்துக்கடியில குந்திக்கிட்டாரு. தண்ணி குடுத்தேன், சொம்பக் கையில வெச்சுக்கிட்டே இருந்தாரு.

உடம்பப் பாத்துக்குங்க.

முத்தாயம்மாள்


மலை மடம்
28 ஜூன் 2023

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு,

மாம்பழம் வந்தது. சகோதரிகள் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

உங்களுக்குச் சொல்லாமல் முத்தாயம்மாளுக்கு எழுதினேன். பதில் வந்துவிட்டது. நீங்கள் ஏன் எழுதவில்லை என்று புரிந்தது. அவன் உங்களைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தான் என்பதை என்னிடமிருந்து மறைக்கவில்லை, உங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி ஒன்று மட்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. ஆண்ட்ரூஸ் உங்களுடன் இல்லை. இருப்பதாக அந்த ஊருக்குச் சொன்னவன், காணவில்லை என்று உங்களுக்குச் சொன்னவன், பிணவறையில் கையைக் காட்டியவன், மூன்று பேரும் ஒரே ஆள். அதை நீங்கள் எப்போது தெரிந்துகொண்டீர்கள்?

ஜெபமலர்


சேலம்
24 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ஜெபாவுக்கு,

நடுவில் பத்து நாள் படுத்துக்கிடந்தேன். இப்போது எழுந்து நடக்கிறேன். அண்ணிக்கு இதெல்லாம் தெரியாது.

மே மாதமே தெரியும். ஸ்டேஷனில் எனக்குப் பழக்கமான ஏட்டு, ஆண்ட்ரூஸுக்குக் கடைசியாக வந்த அழைப்பின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். யாருடையது என்று பார்க்க என் போனில் அழுத்தினேன். கடைசி இலக்கத்துக்கு முன்பே 'பிரபாகர்' என்று பெயர் வந்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

வக்கீல் உஷாராணியிடம் போனேன். முழுவதும் கேட்டார். "சார், வருத்தப்படாதீங்க. காணாமப் போனவர் வழக்கைக் கொலை வழக்கா மாத்தறதுக்கு ஒரு உடம்பு வேணும். இருந்த உடம்பை இல்லைன்னு எழுதிக் குடுத்தது நீங்க. அந்தப் பிரபாகர், அண்ணனுக்கு உடம்பு சரியில்லைன்னு யாரோ சொன்னதை நம்பிச் சொன்னேன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. உங்க வாக்குமூலம்தான் அவங்களுக்கு முதல் சாட்சி" என்றார். பீஸ் வாங்கவில்லை.

வாக்குமூலத்தை மாற்றி எழுதித்தர ஸ்டேஷனுக்குப் போனேன். "அன்னிக்குப் பாக்கும்போது அடையாளம் தெரியல, இன்னிக்குப் பாக்காமயே தெரியுதுங்களா சார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தாளை வாங்கவில்லை. நான் வேலை பார்த்த பத்திரிகையில், போலீஸ் சொல்லாததை எப்படிப் போடுவது என்றார்கள். அந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

குவாரி வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. மனுதாரர் ஆஜராகவில்லை என்று காரணம்.

சவரியார்


மலை மடம்
18 அக்டோபர் 2023

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு தேறியதா? அண்ணியிடம் சொல்லுங்கள். ஒற்றையாகச் சுமந்தால் உடம்பு தாங்காது.

நவம்பர் வருகிறது. இறந்த நம் உறவினர் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பீடத்துக்கடியில் வைத்து, மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை கேட்போம். அப்பா, அம்மா, சின்னம்மா என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். ஆண்ட்ரூஸை இதுவரை உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டில்தான் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு நாளும் அவன் சுகமாகத் திரும்பி வர வேண்டும் என்று மன்றாடுகிறேன். நாக்கு சொல்கிறது, நான் சொல்லவில்லை.

நானாக எழுதிவிடலாம். எழுத மாட்டேன். நான் பார்க்கவில்லை. பார்த்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால்தான் எழுதுவேன்.

ஜெபமலர்


சேலம்
28 அக்டோபர் 2023

அன்புள்ள ஜெபாவுக்கு,

சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. அண்ணியிடம் சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள்.

சொன்னதற்குக் காரணம், போன ஞாயிறு பிரபாகர் வீட்டுக்கு வந்தான். ராசிபுரம் நெய் ஒரு தூக்கு. அண்ணி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, இளைச்சுட்டீங்க. நல்ல டாக்டராப் பாக்கறதுதானுங்க" என்றான்.

"நீ எனக்கு நெஞ்சுவலின்னு சொன்னியாமே" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "பேசித் தீத்துக்கறோம், கூட்டிட்டு மட்டும் வான்னாங்கண்ணே. வேற எது சொன்னாலும் அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்" என்றான். அழுகை வந்தது. நிஜமான அழுகைதான்.

"பொணவறையில கையைக் காட்டுனியே, அதுவும் அவங்க சொன்னாங்களா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். குரல் மாறிவிட்டது. "நான் கேள்விதானுங்கண்ணே கேட்டேன். இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க. சொல்றதா இருந்தா ரெண்டு பேருத்தையும் சேத்துத்தான் சொல்லோணும்" என்றான். படியிறங்கும்போது வழக்கம்போல "வாரேனுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நெய்த்தூக்கு அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உஷாராணியிடம் இதையும் சொன்னேன். "அவரு சொன்னதை யாரு கேட்டாங்க சார்?" என்றார். நானும் அண்ணியும்தான் கேட்டோம். அவன் குடித்த காப்பி டம்ளர்கூடக் கழுவியாகிவிட்டது. ஏழு வருடம் கழிந்தால் சட்டப்படி இறந்தவன் என்று ஒரு தாள் வாங்கலாமாம். எனக்கு அதுவரை ஆயுள் இருக்காது. ஊரில் அவன் ஓடிப்போனவனாகவே இருப்பான்.

எழுது. அப்பா பெயரைச் சேர்த்து முழுப் பெயராக எழுது. மார்ச் 24, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, பிணவறையில் வாசலிலிருந்து இரண்டாவது மேசையில் கிடந்தவன் என் தம்பி. என் முதல் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டவர்கள் இதை வாங்கமாட்டேன் என்கிறார்கள். நீ வாங்கிக்கொள்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்கு நானும் அண்ணியும் போய் வெள்ளையடிக்கிறோம்.

உன் அண்ணன்,
சவரியார்